குமிழ் இல்லாத செட்

போன வாரம் நம் ஸ்கூல் குரூப்பில் ஒரு படம் போட்டேன். சாம்பல் நிறப் பெட்டி, முன்பக்கம் பூராவும் குமிழ்கள், நடுவில் மஞ்சளாக ஒரு டயல். பழைய ஹாம் ரேடியோ செட், பெருங்களத்தூரில் ஒருவரிடம் வாங்கினேன் என்று ஒரு வரியும் எழுதினேன். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டீர்கள். அறுபது வயசில் உனக்கு எதுக்குடி இந்த இரும்பு என்று ஒருத்தி. செல்போனில் பேசினால் ஆகாதா என்று இன்னொருத்தி. காயலான் கடைக்காரர் நம்பர் தரட்டுமா என்று கேட்டவள் யாரென்று சொல்லமாட்டேன், அவள் வீட்டு கிரைண்டர் இதைவிடப் பழசு.

சிரிங்கடி, பரவாயில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏழாம் வகுப்பில் நம் கணக்கு டீச்சர் ஒரு வாரம் பூராவும் சாமியாடினாளே, ஞாபகம் இருக்கிறதா? பின்னக் கணக்கில் ஒரு தப்பு வந்தால் இருபது தடவை எழுதச் சொன்னாள். முதல் ரேங்க்காரியையே பெஞ்சு மேல் ஏற்றினாள். டீச்சர் வீட்டில் ஏதோ சண்டை என்று நீங்கள் கதை கட்டினீர்கள். என்னிடமே வந்து கேட்டீர்கள், ஏனென்றால் அந்த டீச்சர் என் அம்மா. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த வாரத்துக்குக் காரணம் இதே மாதிரி ஒரு பெட்டிதான்.

அம்மாவுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தாள் என்று அப்பா சொல்வார். லைசென்ஸ் எடுத்தவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே, டெலிபோன் கம்பி இல்லாமல், எங்கேயோ இருக்கிற ஒரு ஆளோடு வானலையில் பேசலாம் என்று அதில் போட்டிருந்ததாம். எங்கள் தெருவில் டெலிபோனே இரண்டு வீட்டில்தான் இருந்தது, அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். அம்மா மூன்று வருஷம் படித்தாள். மோர்ஸ் என்கிற தந்தி பாஷைப் பரீட்சைக்காக சாம்பார் கொதிக்கும்போது கரண்டியால் குக்கர் மூடியில் தட்டித் தட்டிப் பழகினாள். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி எழுத்து வந்துவிட்டது. பாஸ் பண்ணியதும் லைசென்ஸுக்காக விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். "ரேடியோவுக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ பேஜாரு, சொம்மா பாட்டு கேட்டுகினு இருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு, காபி குடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

லைசென்ஸ் ரெஜிஸ்டர் தபாலில் வந்தது. செட் இல்லை. புது செட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அது எங்கள் வீட்டுக்கு ஆகிற காரியம் இல்லை. அப்பா லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, ஃபிரேம் போட்டு மாட்டிடலாம்" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. ரயில்வேயில் கிளார்க். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற எதிலும் கை வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

ஃபிரேம் போடவில்லை. ஸ்டாஃப் ரூமில் யாரோ சொல்லி அம்மாவுக்கு ஒரு தகவல் வந்தது. மாடம்பாக்கத்தில் ஒரு ஆன்ட்டி இருக்கிறார், அவர் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம், அவருடைய செட் அப்படியே கிடக்கிறது என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். கோயில் தாண்டி ஒரு சந்தில் வீடு. முன்னறையில் மேசைமேல், பூத்தையல் போட்ட துணியால் மூடி, பெட்டி இருந்தது. துணியை எடுத்து ஆன்ட்டி மடித்த விதத்தில் எனக்குத் தொட்டில் துணி ஞாபகம் வந்தது.

"எனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதும்மா. தூசி தட்டத் தெரியும், அவ்ளோதான்" என்றார் ஆன்ட்டி.

அம்மா ஸ்விட்சைப் போட்டாள். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் வால்வுகள் சூடாகி, தூசி கருகுகிற வாசனையும் கொஞ்சம் மெழுகு வாசனையும் வந்தது. டயலுக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து மழை ஓட்டின்மேல் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். அம்மா டயலை நகர்த்த, இரைச்சலுக்கு நடுவில் யாரோ ஒரு ஆம்பிளை தொண்டையைக் கனைத்து, "ஓவர்" என்றார். அம்மா என் தோளை அழுத்தினாள், வலித்தது.

முன்பக்கத்துக் குமிழ்களில் ஒன்று மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் நகம் அளவுக்கு ஒரு பித்தளைத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைக் காட்டி என்னவென்று கேட்டாள்.

"உடைஞ்சிருக்கும் போல. அதைத் தொடாதே தொடாதேன்னு உயிரை எடுப்பார்" என்றார் ஆன்ட்டி. தொடாதே என்று செத்துப்போனவர் சொன்னதால் அம்மாவும் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் யாரும் தொடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது ஆன்ட்டிதான் ஒரு ஏற்பாடு சொன்னார். "ஒரு வாரம் எடுத்துட்டுப் போய்ப் பாரும்மா. நீ பேசி, உனக்குப் பிடிச்சிருந்தா அப்புறம் பணம் குடு. இல்லைன்னா வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கறேன். ஒருத்தர் இதைப் பிரிச்சு சாமானுக்கு எடுத்துக்கறேன்னு கேட்டுட்டே இருக்கார். பிரிக்கக் குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா இப்படி ஊமையா வச்சுப் பார்த்துட்டு இருக்கவும் முடியல."

சைக்கிள் ரிக்‌ஷாவில் அம்மா மடியில் பெட்டி, என் மடியில் செத்துப்போன அங்கிள் எழுதிவைத்த நீல நோட்டு. அவர் யார் யாரோடு என்றைக்குப் பேசினார் என்று வரிவரியாக எழுதிய நோட்டு அது. ரிக்‌ஷாக்காரர் ஒரு மிதி மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, உள்ள அம்மிக்கல்லு கீதா?" "ரேடியோ" என்றாள் அம்மா. அவர் நம்பவில்லை. தாம்பரம் வரைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே மிதித்தார்.

எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது, உங்களுக்குத் தெரியும். மொட்டைமாடியில் இந்தக் கோடி ஒரு மூங்கில், அந்தக் கோடி ஒரு மூங்கில், நடுவில் செப்புக் கம்பி. அதுதான் ஏரியல். துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் நாளே ஒரு போர்வையைப் போட்டுவிட்டார்கள். செட்டைச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த தையல் மிஷின் மேசையில் வைத்தோம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஸ்பீக்கர் கரகரவென்று வறுக்கும். ரயில் சத்தம் காதில் விழுவதற்கு முன்னாலேயே ரேடியோவில் விழுந்துவிடும். அப்பாவுக்கு அதில் மட்டும் ஒரு சந்தோஷம். "ஆறு பதினெட்டு சரியா வருது" என்பார்.

தினமும் காலை ஆறரை மணிக்கு வானலையில் ஒரு கூட்டம் கூடும். நெட் என்று சொல்வார்கள். தமிழ்நாடு பூராவும் இருக்கிற ஹாம்கள், அதுதான் லைசென்ஸ்காரர்கள், ஒரே எண்ணில் டயலை வைத்துக்கொண்டு வந்து சேருவார்கள். ஒருவர் வருகைப் பதிவு எடுப்பார். நம் கிளாஸில் எடுக்கிற மாதிரியே, ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுத்த அழைப்புப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவரவர் "குட் மார்னிங்" சொல்வார்கள். அப்புறம் மழை, கரண்ட் கட், சர்க்கரை வியாதி, மகன் கல்யாணம். எல்லாரும் ஆம்பிளைகள். நான் அவர்களுக்குப் பேர் வைத்திருந்தேன். பதிவுக்காரர், இருமல்காரர், "அதாவது"காரர். அந்த அதாவதுகாரர் எதைச் சொன்னாலும் முதலில் அதாவது போடுவார்.

திங்கட்கிழமை காலை அம்மா தலைக்குக் குளித்து, பொட்டு வைத்து, பட்டு பார்டர் போட்ட புடவை கட்டிக்கொண்டு செட் முன்னால் உட்கார்ந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்பா கேட்டார். அம்மா மைக்கை முந்தானையால் துடைத்தாள். பதிவுக்காரர் கடைசியில், "புதுசா யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா மைக்கை அழுத்தி, தன் அழைப்புப் பெயரை இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, பெயர் சொல்லி, தாம்பரம் என்று சொல்லி, கையை எடுத்தாள்.

"சரி, யாரும் இல்லை போலிருக்கு" என்றார் பதிவுக்காரர். அதாவதுகாரர் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள். கிணறு ஓடிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை அவர்கள் பேச்சுக்கு நடுவில் இடைவெளி வரும் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாள். அவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி எங்களுக்குக் கேட்டது. இருமல்காரர் என்ன கஷாயம் குடிக்கிறார் என்பதுகூட எனக்குத் தெரியும். அம்மா கூப்பிட்டது மட்டும் யாருக்கும் பொருட்டாக இல்லை.

அன்று சாயங்காலம் குரோம்பேட்டையிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. டிவி கடையில் வேலை, அதனால் எல்லாம் தெரியும். "செட்டுல பவரே வெளிய போகாது அண்ணி, வால்வு செத்திருக்கும். ஒரு ஃபியூஸ் போன டியூப்லைட் குடுங்க, காட்டறேன்" என்றார். இருட்டினதும் டியூப்லைட்டை என் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்பி, கம்பியின் கோடிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். கீழே அம்மா மைக்கில் பேசினாள்.

டியூப்லைட் எரிந்ததடி. என் கையில், ஒரு வயரும் இல்லாமல், அம்மா ஒவ்வொரு சொல் சொல்லும்போதும் வெளிர்நீலமாக மினுங்கி மினுங்கி அணைந்தது. "ஹலோ"வுக்கு ஒரு மினுக்கு, "தாம்பரம்" என்றால் நீளமாக ஒரு மினுக்கு. அதற்கப்புறம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அந்த ஆச்சரியம் மறுபடி வரவில்லை. நான் மாடியிலிருந்து, "எரியுது, எரியுது" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தேன்.

ஆனால் கீழே யாரும் சந்தோஷப்படவில்லை. சித்தப்பா முகம் மாறிவிட்டது. "அப்போ செட்டு நல்லா இருக்கு. பவர் போகுது. அவங்களுக்குக் கேக்குது" என்றார். அப்புறம், "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அது ஆம்பளைங்க கூட்டம். பொம்பளைக் குரல் வந்தா வேணும்னே கண்டுக்காம விட்டிருப்பாங்க" என்று சொன்னார்.

அப்பா என் கையிலிருந்து டியூப்லைட்டை வாங்கிச் சுவரோரம் சாய்த்தார்.

அம்மா அதை உடனே நம்பினாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். ஏன் நம்பினாள் என்று இப்போது புரிகிறது. ஸ்டாஃப் மீட்டிங்கில் அம்மா ஒரு யோசனை சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்களாம். ஐந்து நிமிஷம் கழித்து அதையே சயின்ஸ் சார் சொன்னால், "பலே" என்பார்களாம். வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் அப்பாவும் சிரிப்போம். நாங்கள் சிரித்திருக்கக்கூடாது.

வியாழனும் வெள்ளியும் அம்மா கூப்பிட்டாள், ஆனால் குரல் போய்விட்டது. வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிடுவாள். புடவையும் சாதாரணப் புடவை. திங்கட்கிழமையிலிருந்தே இந்தக் கோபத்தோடுதான் ஒன்பது மணிக்கு நம் கிளாஸுக்கு வருவாள். நீங்கள் வாங்கிய இம்போசிஷன் எல்லாம் அதாவதுகாரருக்குச் சேரவேண்டியது. எனக்கும்தான் விழுந்தது, மகள் என்று பார்க்கவில்லை. நான் பெஞ்சுமேல் நின்றுகொண்டு அந்தப் பதிவுக்காரரை மனசுக்குள் என்னென்னவோ திட்டினேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஒரு மனிதரை அவ்வளவு வெறுத்தது அந்த ஒரு வாரம்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அம்மா சொன்னாள், "அந்த ஆன்ட்டிகிட்ட திருப்பிக் குடுத்துடலாம். பேச ஆள் இல்லாதவளுக்கு எதுக்கு அது?"

"நான் அப்பவே சொன்னேன்" என்று அப்பா சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை அரைநாள் ஸ்கூல். நாங்கள் வந்தபோது சித்தப்பா பழைய பெட்ஷீட்டில் செட்டைச் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி மறுநாள் வந்ததும் தூக்கிப்போக வசதியாக இருக்கட்டும் என்று. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு செட் போவது துக்கம் இல்லை. அம்மா அந்தக் கயிற்றின் முடிச்சுமேல் விரலை வைத்துச் சித்தப்பாவுக்கு ஒத்தாசை பண்ணினாள், அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்போது தபால்காரர் வந்தார். கையில் ஒரு போஸ்ட் கார்டு. "டீச்சரம்மா, இது உங்களுக்கா பாருங்க. தாம்பரம் பூரா ரேடியோ வச்சு ஊரைக் கூப்பிடற பொம்பளை வேற யாரும் இல்ல" என்றார். விலாசத்தில் அம்மா பெயர், அதன் கீழே "வானொலியில் பேசும் பெண்மணி, தாம்பரம்". அவ்வளவுதான். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தது. அம்மா படிக்கப் படிக்க முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் கொடுத்தாள். நான் சத்தமாகப் படித்தேன்.

"அம்மையீர், திங்கள் முதல் மூன்று நாட்களாகத் தங்கள் குரல் இங்கே மணியாகக் கேட்கிறது. மூன்று நாளும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். தாங்கள் ஒரு தடவையாவது எனக்குப் பதில் சொல்லாமல் வேறு யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கிழவன்தானே என்று நினைத்தீர்கள் போலும். வானலை மரியாதை இது அல்ல."

சித்தப்பா, "யாரோ பைத்தியம்" என்றார்.

அம்மா என் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினாள். ஹாம்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாருக்கு எழுதினாலும், எந்த நேரம், எந்த எண்ணில் கேட்டது என்று மேலே மூலையில் குறிப்பார்கள். அந்த மூலையில் ஒரு எண் இருந்தது. நெட் கூடுகிற எண் அது இல்லை. இருபத்தெட்டு குறைவாக இருந்தது. அம்மா இரண்டு எண்ணையும் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்று எழுதினாள். கழித்தாள். கணக்கு டீச்சருக்கு வித்தியாசம் என்று ஒன்று வந்துவிட்டால் விடமாட்டாள், உங்களுக்கே தெரியும்.

"அந்த நோட்டை எடு" என்றாள். அங்கிளின் நீல நோட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தினமும் காலை ஆறு மணி, கோவில்பட்டி, அதே எண். மறுநாளும் கோவில்பட்டி, அதே எண். வருஷக்கணக்கில் அதேதான்.

"கயித்தை அவுருங்க" என்றாள் சித்தப்பாவிடம். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அவுருங்கன்னு சொல்றேன்ல." நம் கிளாஸில் கேட்போமே, அதே குரல். சித்தப்பா அவிழ்த்தார்.

நடந்தது இதுதான். அந்தச் செட்டில் கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே டயல்தான், ஆனால் பேச்சை மட்டும் தனியாக ஒரே எண்ணில் பூட்டிவைக்கவும் வழி இருந்தது. அதற்கென்று உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்கு, ஒரே எண்ணில் மட்டும் துடிக்கிற ஒரு கிரிஸ்டல். தினமும் நண்பரோடு பேசுவதற்காக அங்கிள் அப்படிப் பூட்டியே வைத்திருந்தார். அந்தப் பூட்டைத் திறக்கிற திருகுதான் குமிழ் இல்லாத பித்தளைத் தண்டு. அம்மா டயலை எங்கே வைத்தாலும் கேட்பது அங்கே, பேசுவது கோவில்பட்டிக்காரரிடம். நெட்டில் இருந்த ஒரு ஆளுக்கும் அம்மா குரல் ஒரு நாளும் போகவே இல்லை. அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்று இவள் நொந்தாள், இவள் கண்டுகொள்ளவில்லை என்று அங்கே ஒருவர் நொந்துகொண்டிருந்தார்.

அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செட்டின் மேல்தகட்டைக் கழற்றி, அந்தக் கிரிஸ்டலை எடுத்துப் பார்த்தாள். அதன் தலையில் கார்டில் இருந்த அதே எண். அதைத் திரும்பச் செருகிவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். தண்டைத் திருப்பக் கைக்கு வாகாக ஒன்றும் கிடைக்காமல், நான்தான் ஓடிப்போய் டூத்பேஸ்ட் மூடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. டக்கென்று ஒரு சத்தத்தோடு திரும்பியது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்மா முதலில் நெட்டுக்குப் போகவில்லை. டூத்பேஸ்ட் மூடியைப் பழைய இடத்துக்கே திருப்பி, டயலையும் கார்டில் இருந்த எண்ணுக்குக் கொண்டுவந்து, கோவில்பட்டியைக் கூப்பிட்டாள். கையை எடுத்த அடுத்த நொடி பதில் வந்தது.

"என்ன தாயி, அஞ்சு நாளாக் கத்துதேன், இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சா?"

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேக்குது சார். ரொம்ப நல்லாக் கேக்குது" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "குமிழ் உடையல தாயி. அவன் வீட்டம்மா தூசி தட்டையில தெனமும் அதைத் திருகி விட்டுருதாங்கன்னு அவனே கழத்தி வச்சிட்டான். அவன் போயி எட்டு மாசம் ஆச்சு. பழக்கம் விடாம நான் தெனமும் ஆறு மணிக்கு வந்து ஏழு வரைக்கும் இந்த எடத்துல உக்காந்திருக்கேன். ஒரு பொம்பளைக் குரல் வரவும், அவன் சம்சாரந்தான் படிச்சுட்டு வந்திருச்சோன்னு நெனச்சேன்."

அந்தக் கார்டில் எழுதினதற்கு மன்னிப்புக் கேட்டார். அம்மா, "நீங்க எழுதலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் இந்தச் செட் போயிருக்கும் சார்" என்றாள்.

ஆறரைக்கு மூடியைத் திருப்பி, டயலை நெட்டின் எண்ணுக்குக் கொண்டுவந்தாள். பதிவுக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, "புதுசா யாராவது?" என்றார். அம்மா சொன்னாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் புரியவில்லை. பதிவுக்காரர், "எல்லாரும் நிறுத்துங்க, நிறுத்துங்க. தாம்பரம் அம்மா, வணக்கம், வாங்க வாங்க. இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்றார்.

"இங்கதான் சார் இருந்தேன். ஒரு வாரமாக் கூப்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள் அம்மா. என்ன வேலை என்று கேட்டார்கள். கணக்கு டீச்சர் என்றாள். "அதாவது, நான் கணக்குல ஃபெயில் அம்மா" என்றார் அதாவதுகாரர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரை நான் எத்தனை திட்டு திட்டியிருந்தேன்.

அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் வந்து செட்டின் மேல் கை வைத்து, "சூடாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு வந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று மூங்கிலுக்கு இரண்டு பக்கமும் இழுத்துக் கயிறு கட்டி, காற்றில் ஆடாமல் நிறுத்தினது அவர்தான். பக்கத்து வீட்டுப் போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டு, இனிமேல் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் ஆன்ட்டி வந்தார். செட்டைக் கொண்டுபோக ரிக்‌ஷாவை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார். அம்மா ரிக்‌ஷாக்காரரை முதலில் அனுப்பிவிட்டு வந்தாள். "பெட்டி வராது ஆன்ட்டி" என்றாள். குமிழ் விஷயத்தைக் கேட்டதும் ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் தூசி தட்டினதுக்கா? பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கோவில்பட்டிக்காரர் இன்னும் தினமும் ஆறு மணிக்கு வந்து உட்காருகிறார் என்று சொன்னதும் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் அந்த டூத்பேஸ்ட் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் வரட்டுமா, அவரிடம் இரண்டு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடாது, ஆனால் அவர் பேசுவதைக் கேட்கலாம், உங்கள் வார்த்தையை நான் சொல்கிறேன் என்றாள் அம்மா. அப்படியே பல நாள் நடந்தது, அது தனிக் கதை.

மறுநாள் திங்கட்கிழமை. அம்மா ஸ்கூலுக்குக் கட்டிய புடவையோடு, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, ஆறரைக்குச் செட் முன்னால் உட்கார்ந்தாள். பதிவுக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வேலூர், குட் மார்னிங். மதுரை, குட் மார்னிங். இருமல்காரர் இருமிவிட்டு குட் மார்னிங். தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வரிசை மனப்பாடம். அதாவதுகாரர்தான் கடைசி. அவர் முடித்ததும் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அம்மாவின் அழைப்புப் பெயரை, புதுசாக எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

தினமும் நாற்பது பெண்களுக்கு வருகைப் பதிவு எடுக்கிறவள் அம்மா. அவள் பெயரை யாராவது அப்படி வாசித்து எத்தனை வருஷமாகியிருக்குமோ. மைக்கை அழுத்தினாள். அவளையும் அறியாமல் வாயில் வந்தது இதுதான்.

"உள்ளேன் ஐயா."

ஸ்பீக்கரில் ஒரு நொடி வெறும் இரைச்சல். அப்புறம் வேலூரும் மதுரையும் இன்னும் எந்தெந்த ஊரோ மைக்கை அழுத்தி அழுத்திச் சிரித்தார்கள். அம்மா முகம் சிவந்துவிட்டது. எல்லாம் ஓயும்வரை காத்திருந்துவிட்டுப் பதிவுக்காரர், "சரி டீச்சர், உட்காருங்க" என்றார்.

அம்மா நிஜமாகவே எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தாள்.